மைக் செட் ஃபியூஸ்: எதைப் போடணும், ஏன் போடணும்?



மைக் செட், ஸ்பீக்கர் பாக்ஸ் வாடகைக்கு விடும் தொழிலைச் செய்கிற, செய்ய நினைக்கிற குழுக்களுக்காக இந்த மாதத் தொழில் பாடத்தை எழுதுகிறோம். நம்ம பக்கத்தில் இந்தத் தொழிலுக்கு வருஷம் முழுக்க வேலை உண்டு. ஆடியில் அம்மன் கோயில் கூழ், ஆகஸ்ட் 29-ல் கொடியேறி செப்டம்பர் 8 வரை பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா திருவிழா, மார்கழியில் பஜனை, பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்து மூவர், இடையில் தி.நகர் தெருக்களில் காதுகுத்து, வளைகாப்பு, கட்சிக் கூட்டம். கடன் வாங்கி ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு பாக்ஸ், நாலு மைக் வாங்கிவிட்டால் தவணையை அதுவே கட்டிவிடும்.

ஆனால் அந்த ஆம்ப்ளிஃபயர் புகைந்து போனால், கடன் நம்மிடமே நிற்கும், வருமானம் நின்றுவிடும். இந்த நஷ்டத்தைத் தடுக்க ஆம்ப்ளிஃபயருக்குப் பின்பக்கம் விரல் நீளத்தில் பாதி கூட இல்லாத ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கிறது. அதுதான் ஃபியூஸ். சில ரூபாய்தான் விலை. அதைச் சரியாகத் தேர்வு செய்வது எப்படி என்று பார்ப்போம் வாங்க.

ஃபியூஸ் எதற்கு?

ஃபியூஸுக்குள் மெல்லிய கம்பி ஒன்று இருக்கிறது. அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் அந்தக் கம்பி சூடாகி உருகி, கரண்ட் நின்றுவிடும். விளக்குகளுக்கான இந்தப் பாதுகாப்புக் கம்பிக்கு எடிசன் 1880-லேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கும் அடிப்படை அதேதான்.

செட்டிலேயே முதலில் போக வேண்டிய பொருள் ஃபியூஸ். அது உருகினால் "ஃபியூஸ் கெட்டுப் போச்சு" என்கிறோம். உண்மையில் அது கெட்டுப் போகவில்லை, தன் வேலையைச் செய்துவிட்டது. உள்ளே வேறு ஏதோ கெட்டிருக்கிறது, அதைத்தான் அது நமக்குச் சொல்கிறது. இதை மனசில் வைத்துக்கொண்டால் மீதிப் பாடம் சுலபம்.

"மண்டபத்தில்தான் எம்.சி.பி. இருக்கே, ஃபியூஸ் எதுக்கு?" என்று சிலர் கேட்பீர்கள். சுவரில் இருக்கும் எம்.சி.பி. பெரும்பாலும் 6, 10 அல்லது 16 ஆம்பியர். அது சுவருக்குள் ஓடும் வயரைக் காப்பாற்றத்தான். நம்ம ஆம்ப்ளிஃபயர் சாதாரணமாக எடுப்பது ஒரு ஆம்பியர் சொச்சம். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் கெட்டு 6 ஆம்பியர் இழுத்தால் 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையாது. 6 ஆம்பியரை 230 வோல்ட்டால் பெருக்கினால் 1,380 வாட். வீட்டு அயர்ன் பாக்ஸே பொதுவாக 750-லிருந்து 1,000 வாட்தான். அதைவிடப் பெரிய சூட்டை மூடின இரும்புப் பெட்டிக்குள் வைத்து, அதைத் துணிப் பந்தலுக்கு அடியில் வைத்த மாதிரி ஆகும்.

இங்கிலாந்தில் வீட்டுப் பிளக்கின் உள்ளேயே ஒரு ஃபியூஸ் இருக்கும். நம்ம ஊர் மூணு பின் பிளக்கில் அது கிடையாது. அதனால் செட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்த ஒரு ஃபியூஸ்தான் நமக்குக் காவல்.

பந்தல் என்றால் இன்னும் ஜாக்கிரதை

2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தில், மாடியில் போட்டிருந்த ஓலைப் பந்தல் தீப்பிடித்து மணமகன் உள்பட 50-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். வீடியோ எடுக்க வைத்திருந்த விளக்கின் மின் இணைப்பிலிருந்து தீப்பொறி வந்ததாகச் சொல்லப்பட்டது. அங்கே மைக் செட் காரணம் இல்லை. ஆனாலும் ஓலை, துணி, மூங்கிலுக்கு நடுவே தற்காலிக வயர் இழுத்து வேலை செய்கிற எல்லோருக்கும் அது பாடம். நாமும் அதே மாதிரிப் பந்தலுக்குள்தான் செட்டை வைக்கிறோம். பக்கத்தில் குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

செட்டுக்குள் கரண்ட் போகும் வழி

சுவர்ப் பிளக்கிலிருந்து வரும் 230 வோல்ட் கரண்ட் முதலில் ஃபியூஸ் வழியாகப் போகும். அடுத்து சுவிட்ச், அடுத்து டிரான்ஸ்ஃபார்மர். அங்கே வோல்ட் குறைகிறது. பிறகு நாலு டையோடு சேர்ந்த பிரிட்ஜ் அதை ஒரே திசையில் ஓடும் டி.சி. கரண்டாக மாற்றுகிறது. அதற்கடுத்து டப்பா மாதிரி இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் கரண்டைச் சேமித்து, சீராக்கி ஆம்ப்ளிஃபயர் போர்டுக்குக் கொடுக்கின்றன. நம்ம வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரிதான் கெப்பாசிட்டர். மோட்டார் விட்டு விட்டு ஓடினாலும் குழாயில் தண்ணீர் சீராக வரும் அல்லவா?

காலையில் முதல் முறை சுவிட்ச் போடும்போது இந்தத் தொட்டி காலி. டிரான்ஸ்ஃபார்மரும் அப்போதுதான் விழித்துக்கொள்கிறது. அதனால் ஒரு கண நேரத்துக்கு வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் பாயும். பிறகு அடங்கிவிடும். சும்மாடு மாதிரி வட்டமாகச் சுற்றிய டொராய்டு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் செட்டுகளில் இந்தப் பாய்ச்சல் இன்னும் அதிகம். இது பழுது இல்லை, இயல்பு. ஆனால் தப்பான வகை ஃபியூஸ் போட்டிருந்தால் இந்தப் பாய்ச்சலிலேயே உருகிவிடும்.

வாங்கும்போது பார்க்க வேண்டிய ஐந்து

1. அளவு. சின்னது 5 மில்லிமீட்டர் தடிமன், 20 மில்லிமீட்டர் நீளம். பெரியது சுமார் 6.3 மில்லிமீட்டர் தடிமன், 32 மில்லிமீட்டர் நீளம். ஹோல்டருக்குப் பொருந்துவதைத்தான் போடணும். சின்னதை வைத்து வெள்ளித் தாளைத் திணிக்கக் கூடாது.

2. வோல்ட். 230 வோல்ட் பக்கத்துக்கு 250 வோல்ட் என்று எழுதியிருக்கணும். வண்டிகளுக்கு 32 வோல்ட் கண்ணாடி ஃபியூஸ் உண்டு. பார்க்க அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். அதை இங்கே போட்டால் கம்பி உருகிய பிறகும் அந்த இடைவெளியில் தீப்பொறி தாவிக் கரண்ட் ஓடக்கூடும். குழாயே வெடிக்கலாம்.

3. ஆம்பியர். எவ்வளவு கரண்ட் வரை தாங்கும் என்ற கணக்கு. கீழே விவரமாகச் சொல்கிறோம்.

4. வேகம். உலோக மூடியில் ‘டி’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் மெதுவாக உருகும் வகை. ‘எஃப்’ இருந்தால் சட்டென உருகும் வகை. மந்தம், சுறுசுறுப்பு என்று பொருள்படும் இரண்டு ஜெர்மன் சொற்களின் முதல் எழுத்துகள் இவை. கடையில் ‘ஸ்லோ புளோ’, ‘ஃபாஸ்ட்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். சுவிட்ச் போடும்போது வரும் பாய்ச்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதால், டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட்டின் 230 வோல்ட் பக்கத்துக்குப் பெரும்பாலும் ‘டி’ வகைதான்.

5. கண்ணாடியா, பீங்கானா. பெரிய ஷார்ட் ஆகும்போது கரண்டை வெடிக்காமல் நிறுத்தும் திறன் இரண்டுக்கும் வேறு. 5-க்கு 20 அளவில் சாதாரணக் கண்ணாடி ஃபியூஸின் திறன் 35 ஆம்பியர், அல்லது அதில் எழுதியிருப்பதைப் போல பத்து மடங்கு, இதில் எது அதிகமோ அது. உயர்திறன் பீங்கான் வகைக்கு 1,500 ஆம்பியர். கம்பெனி வெள்ளைப் பீங்கான் வைத்திருந்தால் நாமும் அதையே வைக்கணும். "உள்ளே தெரியலையே" என்று கண்ணாடிக்கு மாற்றக் கூடாது.

ஆம்பியர் கணக்கு

முதல் விதி: செட்டின் பின்பக்கம் ஹோல்டர் பக்கத்தில் எழுதியிருப்பதுதான் சரி. கம்பெனி சோதித்துப் பார்த்துப் போட்ட அளவு அது. புது செட் வாங்கிய அன்றே அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்க. நாளாக ஆக எழுத்து அழிந்துவிடும்.

எழுத்து அழிந்துபோன பழைய செட் என்றால் கணக்குப் போடலாம். அது எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்பதை வி.ஏ. அல்லது வாட் என்று பட்டையில் போட்டிருப்பார்கள். ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் வாட் வேறு, கரண்டிலிருந்து எடுக்கும் வாட் வேறு. இரண்டாவதைத்தான் பார்க்கணும்.

உதாரணமாக 250 வி.ஏ. என்று வைத்துக்கொள்வோம். 250-ஐ 230-ஆல் வகுத்தால் சுமார் 1.1 ஆம்பியர். அதைப்போல் ஒன்றரை மடங்கு சுமார் 1.6. ஃபியூஸ் கிடைக்கும் அளவுகள் 1, 1.25, 1.6, 2, 2.5, 3.15, 4, 5 என்று போகும். ஆக, நமக்கு வேண்டியது டி 1.6 ஆம்பியர், 250 வோல்ட். பெரிய டொராய்டு செட்டுக்கு ஒரு படி மேலே தேவைப்படலாம். அதை மெக்கானிக் செட்டைச் சோதித்துவிட்டுத்தான் சொல்லணும், நாமே ஏற்றக் கூடாது.

இன்னொரு விஷயம். 1 ஆம்பியர் ஃபியூஸ் 1.1 ஆம்பியர் ஓடியதும் டப்பென்று போய்விடாது. ஐ.இ.சி. 60127 என்ற பன்னாட்டுத் தரப்படி, வழக்கமான கண்ணாடி ஃபியூஸ் ஒன்றரை மடங்கு கரண்டைக் குறைந்தது ஒரு மணி நேரம் தாங்கணும். 2.1 மடங்கு ஓடினால் ‘டி’ வகை 2 நிமிடத்துக்குள்ளும், ‘எஃப்’ வகை 30 நிமிடத்துக்குள்ளும் உருகணும். பத்து மடங்கு ஓடினால் ‘எஃப்’ 0.02 விநாடிக்குள் போய்விடும். ‘டி’ 0.3 விநாடி வரை எடுத்துக்கொள்ளலாம்.

1.6-க்குப் பதில் 5 ஆம்பியர் போட்டால் என்ன ஆகும்? ஒன்றரை மடங்கான 7.5 ஆம்பியர் ஓடினாலும் ஒரு மணி நேரம் சும்மா இருக்க அதற்கு உரிமை இருக்கிறது. அதற்குள் டிரான்ஸ்ஃபார்மர் கரியாகிவிடும்.

பேட்டரியில் ஓடும் செட்

ஆட்டோவில் வைத்து விளம்பரம் செய்கிற ஆம்ப்ளிஃபயர்கள் பலவும் 230 வோல்ட்டிலும் ஓடும், 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடும். அதில் இரண்டு ஃபியூஸ் இருக்கும். இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள்.

வாட் ஒன்றே என்றாலும், வோல்ட் குறைந்தால் ஆம்பியர் கூடும். 250 வாட்டை 12-ஆல் வகுத்தால் சுமார் 21 ஆம்பியர். அதனால் பேட்டரிப் பக்கத்து ஃபியூஸ் பெரிய ஆம்பியராக இருக்கும். அவசரத்தில் அதைக் கழற்றி 230 வோல்ட் ஹோல்டரில் போட்டால், 25 ஆம்பியரை 230-ஆல் பெருக்க 5,750 வாட் வரை அது கண்டுகொள்ளாது. ஃபியூஸே இல்லாத மாதிரிதான். ஹோல்டர்கள் மேல் ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம் என்று நெயில் பாலிஷ் வைத்துவிடுங்க. யார் போனாலும் மாறாது.

பேட்டரியிலிருந்து வரும் வயரிலும் ஒரு ஃபியூஸ் வேண்டும், அதுவும் பேட்டரிக்கு மிகப் பக்கத்தில். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்று நினைத்து விட்டுவிடாதீங்க. ஷார்ட் ஆனால் வண்டி பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிவிடும். வயர் அப்படியே சிவந்து எரியும்.

"ஒரு கம்பியைச் சுத்தி விடு" என்றால்?

அறுபத்து மூவர் அன்று, மாட வீதியில் தண்ணீர்ப் பந்தல். சாயங்காலம் கூட்டம் நெரியும் நேரத்தில் செட் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பந்தல்காரர் கத்துகிறார். கூட இருக்கும் பையன், "அக்கா, வயரை உரிச்சு ஒரு கம்பியைச் சுத்தி விட்டா பாடும்க்கா" என்கிறான். பாடும்தான். ஆனால் கணக்கைப் பாருங்க.

வயருக்குள் இருக்கும் செம்பு இழை ஒன்று சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிமன் என்றால், அது உருக ஏறக்குறைய 7 ஆம்பியர் ஓடணும். மூன்று இழை சேர்த்து முறுக்கினால் சுமார் 20 ஆம்பியர். நமக்கு வேண்டியது 1.6. சிகரெட் அட்டையின் வெள்ளித் தாள் எப்போது உருகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஃபியூஸ் உருகாவிட்டால் அதற்கடுத்த பலவீனமான பொருள் உருகும். அது டிரான்ஸ்ஃபார்மராகவோ, வயராகவோ, பந்தலாகவோ இருக்கலாம்.

அதனால் பதில் ஒன்றுதான்: "தம்பி, கையில் சரியான ஃபியூஸ் இருந்தால் ஒரே ஒரு முறை மாத்துவோம். மறுபடி போனா செட்டை இறக்கிடுவோம்." வாடகை ஒரு நாள் போகட்டும், பரவாயில்லை.

உருகிய ஃபியூஸ் சொல்லும் சேதி

பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கின பிறகுதான் ஹோல்டரைத் திறக்கணும். எடுத்த ஃபியூஸை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்க. கண்ணாடி சுத்தமாக இருந்து, கம்பி மட்டும் நடுவில் அறுந்திருந்தால், கொஞ்சம் கூடுதல் கரண்ட் ரொம்ப நேரம் ஓடியிருக்கும், அல்லது ஃபியூஸுக்கு வயசாகிவிட்டது. புதுசு ஒன்று போட்டுப் பார்க்கலாம்.

கண்ணாடி கறுத்திருந்தால், அல்லது உள்ளே வெள்ளிப் பூச்சு படிந்திருந்தால், பெரிய ஷார்ட். பிரிட்ஜ், கெப்பாசிட்டர், பவர் டிரான்சிஸ்டர் இவற்றில் ஒன்று போயிருக்கும். இன்னொரு ஃபியூஸை வீணாக்க வேண்டாம். நேராக மெக்கானிக்கிடம் போங்க.

அவர்கள் ‘சீரிஸ் பல்ப்’ வைத்துப் பார்ப்பார்கள். பழைய மாதிரி 100 வாட் குண்டு பல்பு ஒன்றின் வழியாகச் செட்டுக்குக் கரண்ட் கொடுப்பது. பல்பு ஒருமுறை பளிச்சென எரிந்து மங்கிவிட்டால் பெரிய ஷார்ட் இல்லை. விடாமல் பிரகாசமாக எரிந்தால் உள்ளே ஷார்ட். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது.

சில செட்டுகளில் உள்ளே பிளஸ், மைனஸ் என்று டி.சி. பக்கத்துக்கு இரண்டு ஃபியூஸ் இருக்கும். அதில் ஒன்று மட்டும் போனால் ஸ்பீக்கருக்குள் டி.சி. கரண்ட் பாய்ந்து காயில் கருகலாம். சத்தம் கரகரவென்று மாறினால் உடனே நிறுத்துங்க. மூடியை நாமே திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கின பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும்.

ஃபியூஸ் ஷாக்கைத் தடுக்காது

இதை நன்றாகப் புரிந்துகொள்ளணும். ஒரு மனுஷியின் உயிரை எடுக்க ஒரு ஆம்பியரில் சிறு பங்கு போதும். அதற்கு ஃபியூஸ் உருகாது. ஷாக்கிலிருந்து காப்பது எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும்தான். இன்றும் சிலர் இதை இ.எல்.சி.பி. என்பார்கள்.

எர்த் சரியாக இருந்தால், உள்ளே கரண்ட் கம்பி பெட்டியில் பட்டவுடன் பெரிய கரண்ட் எர்த்துக்கு ஓடி ஃபியூஸ் உருகிவிடும். எர்த் இல்லாவிட்டால் பெட்டியும் மைக்கும் கரண்டோடு அப்படியே நிற்கும். வெறுங்காலோடு மைக் பிடித்துப் பாடுகிறவருக்குத்தான் அடி. எனவே மூணு பின் பிளக்கின் பெரிய பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின்னில் சொருகாதீங்க.

கடையில் வாங்கும்போது

நமக்குப் பக்கம் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட். பழைய ஃபியூஸைக் கையோடு எடுத்துப் போங்க. மூடியில் பொடி எழுத்தில் இருப்பதை மொபைல் கேமராவில் பெரிதாக்கிப் படிங்க. எழுத்தே இல்லாத ஃபியூஸ் வேண்டாம். ஒவ்வொரு அளவிலும் ஐந்து, பத்து என்று வாங்கி, தனித்தனிச் சின்ன டப்பாவில் போட்டு மேலே எழுதி வையுங்க. ஒலி இனிமையாகும் என்று சொல்லி அதிக விலைக்கு ஃபியூஸ் விற்கிறவர்களும் உண்டு. திருவிழா செட்டுக்கு அந்தச் செலவு தேவையில்லை. அளவும் தரமும் சரியாக இருந்தால் போதும்.

சாந்தோம், பெசன்ட் நகர்ப் பக்கம் கடல் காற்றில் ஹோல்டர் பிடிகள் பச்சை பூத்துவிடும். பிடி தளர்ந்தால் அங்கேயே சூடேறி, நல்ல ஃபியூஸும் போகும். மாதம் ஒருமுறை பார்த்து, தேவையென்றால் ஹோல்டரை மாற்றிவிடுங்க.

கடைசியாக ஒரு யோசனை. தீர்மானப் புத்தகம், கடன் பேரேடு வைத்திருக்கிற நமக்கு இன்னொரு நோட்டு பாரமில்லை. ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு பக்கம். என்ன ஃபியூஸ், எந்தத் தேதியில் போனது, எந்த இடத்தில், கண்ணாடி கறுத்ததா இல்லையா என்று எழுதுங்க. ஒரே செட்டில் மூன்று மாதத்தில் இரண்டு முறை போயிருந்தால் அடுத்த திருவிழாவுக்கு முன்பே அதை மெக்கானிக்கிடம் காட்டிவிடலாம்.

குழுக் கூட்டத்தில் பேச:

1. நம்ம செட்டில் இப்போது என்ன ஃபியூஸ் இருக்கிறது? பின்பக்கம் எழுதியிருப்பதும் அதுவும் ஒன்றா?
2. உங்கள் செட் 400 வி.ஏ. எடுக்கும் என்றால் எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் வேண்டும்? (விடை: 400-ஐ 230-ஆல் வகுக்க சுமார் 1.74. ஒன்றரை மடங்கு சுமார் 2.6. கிடைக்கும் அளவு டி 2.5 ஆம்பியர்.)
3. செட்டோடு போகும் பையன்களுக்கு "கம்பி சுத்தக் கூடாது" என்று யார் சொல்வது? இந்தக் கூட்டத்திலேயே ஒரு பொறுப்பாளரைத் தீர்மானியுங்கள்.